சாம்பியன் ஆன ஆண்டிலேயே கழற்றப்பட்ட படி: சென்னை சிட்டியின் 2018–19 பருவம்

இந்திய உதைபந்தாட்ட வரலாற்றை எழுதுவோர் கொல்கத்தாவில் தொடங்குவர். 1911 இல் மோகன் பகான் வெறுங்காலுடன் ஆடி ஆங்கிலேயப் படையணியை வென்ற கதையைச் சொல்வர். பின்னர் கோவாவுக்கும் கேரளத்துக்கும் சென்று, அண்மைக் காலத்து வடகிழக்கு மாநிலங்களை எட்டி நிறுத்துவர். அந்த வரலாற்றில் தமிழகத்துக்குக் கிடைத்து வந்தது ஓர் அடிக்குறிப்பு மாத்திரமே. இந்தியன் வங்கி அணி சில பருவங்கள் தேசிய லீக்கில் ஆடியது என்பதோடு அது முடிந்துவிடும்.

2019 மார்ச் 9 ஆம் திகதி மாலை அந்த அடிக்குறிப்பு அத்தியாயமாக மாறியது. கோயம்புத்தூர் ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கில் சென்னை சிட்டி உதைபந்தாட்டக் கழகம் மினர்வா பஞ்சாப் கழகத்தை 3–1 என்று வென்று, ஐ-லீக் சாம்பியன் பட்டத்தைக் கைப்பற்றியது. தமிழகக் கழகம் ஒன்று இந்தியாவின் தேசிய லீக்கை வென்றது அதுவே முதற்தடவை.

பாலமுனை, அட்டாளைச்சேனை, நிந்தவூர், சாய்ந்தமருது, மருதமுனை என நீளும் எமது கரையோர ஊர்களில் மாலையானால் மணலில் பந்து உருளாத இடமில்லை. மன்செஸ்டரின் புள்ளிப் பட்டியலும் மட்ரிட்டின் வீரர் விலையும் எமது இளைஞர்களுக்கு மனப்பாடம். ஆனால் தமிழ் வீரர்கள் பலர் ஆடிய ஒரு கழகம், பாக்கு நீரிணைக்கு அப்பால், ஒரு நாட்டின் சாம்பியனாகி இரண்டே பருவங்களில் லீக்கிலிருந்து மறைந்துபோன கதை இங்கே அதிகம் பேசப்படவில்லை. அது எமக்கும் உரிய பாடம் என்பதால் இதனை எழுதுகிறேன்.

ஒரு நாடு, இரண்டு லீக்

அந்தப் பருவத்தின் பெறுமதியை விளங்கிக்கொள்ள அதன் பின்னணியை முதலில் அறிய வேண்டும்.

இந்தியாவில் தேசிய உதைபந்தாட்ட லீக் 1996 இல் ஆரம்பமானது. 2007 இல் அது ஐ-லீக் எனப் பெயர் மாறிப் புதுப்பிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம், ஐ.எம்.ஜி–ரிலையன்ஸ் நிறுவனத்துடன் 15 ஆண்டுகளுக்கு 700 கோடி ரூபா பெறுமதியான வர்த்தக ஒப்பந்தத்தில் கைச்சாத்திட்டது. அதன் விளைவாக 2014 இல் பிறந்ததே இந்தியன் சுப்பர் லீக். கிரிக்கெட் வீரர்களும் திரைப்பட நட்சத்திரங்களும் உரிமையாளர்களாக அமர்ந்தனர். தொலைக்காட்சி, விளம்பரம், முதுமை எய்திய உலக நட்சத்திரங்கள் என அனைத்தும் அங்கே சென்றன. அதில் சென்னையின் பெயரால் ஆடியது சென்னையின் எப்.சி. இக்கட்டுரையின் நாயகனான சென்னை சிட்டி அதுவல்ல. பெயரளவில் நெருங்கிய, வசதியளவில் வெகு தூரத்தில் இருந்த வேறொரு கழகம்.

2017 இல் ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பு சுப்பர் லீக்கையும் அங்கீகரித்தது. ஒரே நாட்டில் இரண்டு உயர்நிலை லீக்குகள் ஒருங்கே நடைபெறும் விசித்திரம் அப்போது தோன்றியது. அப்போது சுப்பர் லீக்கில் தரமிறக்கமும் இருக்கவில்லை, கீழிருந்து எவரும் ஏறி வரவும் வழி இருக்கவில்லை. கட்டணம் செலுத்தியவருக்கே அங்கு இடம் இருந்தது.

ஆனால் பணம் விலகிச் சென்ற அதே ஐ-லீக்கில்தான் வரலாறு நிகழ்ந்துகொண்டிருந்தது. 2016–17 இல் மிசோரம் மாநிலத்தின் அய்சோல் கழகம் சாம்பியனானது. அடுத்த ஆண்டு மினர்வா பஞ்சாப். அதற்கடுத்த ஆண்டு சென்னை சிட்டி. தொடர்ந்து மூன்று பருவங்களில் எவரும் எதிர்பாராத மூன்று சிறு கழகங்கள் பட்டம் வென்றன. நூற்றாண்டுப் பெருமை கொண்ட கொல்கத்தாக் கழகங்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

சென்னையின் பெயர், கோவையின் மைதானம்

சென்னை சிட்டி 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. பெயரில் சென்னை இருந்தாலும் அதற்கு வீடு கோயம்புத்தூரே. முதலிரு பருவங்களிலும் அது புள்ளிப் பட்டியலின் கீழ்ப்பகுதியிலேயே தடுமாறியது.

2018–19 பருவத்துக்காகக் கழகம் எடுத்த முடிவுகள் இரண்டு. ஒன்று, சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸிடம் அணியை ஒப்படைத்தது. மற்றது, ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆடிப் பழகிய, பெயர் பெறாத வீரர்களைத் தேடிப் பிடித்தது. பெத்ரோ மன்சி, நெஸ்டர் கோர்டில்லோ, சன்ட்ரோ ரொட்ரிகஸ், ரொபேர்ட்டோ எஸ்லாவா ஆகியோர் இவ்வாறு வந்தவர்களே. இவர்களில் மன்சி உருகுவே நாட்டில் பிறந்தவர். ஓய்வு பெற்ற நட்சத்திரம் ஒருவரை விளம்பரத்துக்காக அழைத்து வருவதற்குப் பதிலாக, நடுத்தர வயதை எட்டாத, பந்தைத் தரையில் வைத்து ஆடத் தெரிந்த நால்வரைக் கொண்டுவந்ததே அக்கழகத்தின் சாமர்த்தியம்.

அவர்களைச் சுற்றி எட்வின் சிட்னி வன்ஸ்போல், அலெக்சாந்தர் ரொமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார், சார்ள்ஸ் ஆனந்தராஜ் போன்ற இந்திய வீரர்கள் நின்றனர். ஸ்பானியரின் குறும் கடத்தல் முறைக்கு இவர்கள் பழகிக்கொண்ட வேகமே அந்த அணியின் உண்மையான ஆச்சரியம்.

2018 ஒக்டோபர் 26 ஆம் திகதி இந்தியன் அரோஸ் அணியை 4–1 என வென்று பருவத்தைத் தொடங்கியது சென்னை சிட்டி. மன்சி முதற்போட்டியிலேயே மூன்று கோல்களை அடித்தார். அன்றிலிருந்து அவர் நிறுத்தவில்லை. பருவ முடிவில் அவர் கணக்கில் 21 கோல்கள் இருந்தன. சேர்ச்சில் பிரதர்ஸ் கழகத்தின் வில்லிஸ் பிளாசாவும் அதே எண்ணிக்கையைப் பெற்றிருந்தார்.

பட்டத்துக்கான பிரதான போட்டியாளர் ஈஸ்ட் பெங்கால். அக்கழகம் கடைசியாகத் தேசிய லீக்கை வென்றது 2003–04 பருவத்தில். ஐ-லீக் என்று பெயர் மாறிய பின்னர் ஒரு தடவையேனும் வென்றதில்லை. அந்த ஏக்கத்தோடு ஆடிய ஈஸ்ட் பெங்காலைச் சென்னை சிட்டி கொல்கத்தாவிலும் கோயம்புத்தூரிலுமாக இரு சந்திப்புகளிலும் வென்றது. இறுதிக் கணக்கில் இவ்விரு வெற்றிகளின் பெறுமதி என்ன என்பதைப் பின்னர் பார்ப்போம்.

மைதானத்துக்கு வெளியேயும் அப்பருவம் அமைதியாக இருக்கவில்லை. இடைநடுவில் ஒளிபரப்பாளர் எஞ்சிய போட்டிகளில் பெரும்பகுதியைக் காட்டப்போவதில்லை என அறிவித்ததால் கழகங்கள் கொதித்தன. முதற்பருவம் ஆடிய ரியல் காஷ்மீர் மூன்றாமிடம் வரை உயர்ந்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தியது. 2019 பெப்ரவரி 14 ஆம் திகதி புல்வாமா தாக்குதல் நிகழ்ந்த பின்னர், ஸ்ரீநகரில் ஆடுவதற்கு மினர்வா பஞ்சாப் செல்லவில்லை. அங்கு நடைபெறவிருந்த ஈஸ்ட் பெங்காலின் போட்டி டில்லிக்கு மாற்றப்பட்டது. அரசியலின் நிழல் விழாத மைதானம் தெற்காசியாவில் இல்லை என்பது எமக்கும் தெரிந்ததே.

கடைசி நாள்

பட்டம் முன்கூட்டியே உறுதியாகியிருக்க வேண்டும். ஆனால் இறுதிக்கு முந்திய போட்டியில் சென்னை சிட்டி கோவாவில் சேர்ச்சில் பிரதர்ஸிடம் 3–2 எனத் தோற்றது. கடைசி நாள் விடிந்தபோது சென்னை சிட்டிக்கு 40 புள்ளிகள். ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோயம்புத்தூரில் சென்னை சிட்டி மினர்வாவையும், கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவையும் ஒரே நேரத்தில் சந்தித்தன.

கோயம்புத்தூரில் ஆட்டம் தொடங்கிய மூன்றாவது நிமிடத்தில் மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்தார். அரங்கு மௌனமானது. கோழிக்கோட்டில் இடைவேளை வரை கோல் இல்லை. ஆக, இடைவேளையின்போது இரு கழகங்களும் 40 புள்ளிகளுடன் சமமாக நின்றன. 19 போட்டிகளின் உழைப்பு 45 நிமிடங்களில் தொங்கியது.

இரண்டாம் பாதியில் கிடைத்த பெனால்டியை மன்சி கோலாக்கினார். இன்னும் சுமார் 20 நிமிடங்கள் எஞ்சியிருந்தபோது அஸ்ஸாமைச் சேர்ந்த கௌரவ் போரா இரண்டாவது கோலைப் பெற்றார். கோழிக்கோட்டில் முதலில் பின்தங்கிய ஈஸ்ட் பெங்கால், இறுதிக் கட்டத்தில் இரண்டு கோல்களை அடித்து 2–1 என வென்றது. மேலதிக நேரத்தில் போரா மீண்டும் ஒரு கோலை அடித்து ஐயத்தைப் போக்கினார்.

முடிவில் சென்னை சிட்டி 43, ஈஸ்ட் பெங்கால் 42. இருபது போட்டிகளில் 13 வெற்றி, 4 சமநிலை, 3 தோல்வி. சென்னை சிட்டி மினர்வாவுடன் 1–1 என நின்றிருந்தால் அதற்கு 41 புள்ளிகளே. பட்டம் கொல்கத்தாவுக்குச் சென்றிருக்கும். ஈஸ்ட் பெங்காலுடனான இரு சந்திப்புகளில் ஒன்று சமநிலையில் முடிந்திருந்தாலும் நிலைமை அதுவே. ஒரு பருவம் முழுவதும் ஒரு புள்ளியில் தங்கியிருந்தது. லீக் என்னும் அமைப்பின் நியாயமும் கொடுமையும் இதுவே. ஒரு நாள் அதிர்ஷ்டத்தால் கிண்ணம் வெல்லலாம். லீக்கை வெல்வதற்கு ஒக்டோபரும் மார்ச்சும் ஒரே தராசில் நிற்க வேண்டும்.

வென்றவருக்கு என்ன கிடைத்தது?

அதன் பின்னர் சுப்பர் கிண்ணப் போட்டி வந்தது. இரு லீக்குகளின் கழகங்களும் அதில் மோதின. காலிறுதியில் சென்னை சிட்டியின் எதிரணி, அவ்வாண்டு இந்தியன் சுப்பர் லீக்கை வென்றிருந்த பெங்களூரு. பணக்கார லீக்கின் சாம்பியனைச் சிறு லீக்கின் சாம்பியன் 2–1 என வென்றது. அரையிறுதியில் எப்.சி. கோவாவிடம் தோற்றாலும், எந்த லீக் தரமானது என்ற கேள்விக்கு ஒரு மாலையேனும் பதில் கிடைத்தது.

ஆனால் கேள்விக்கான தீர்ப்பு மைதானத்தில் எழுதப்படவில்லை. 2019 இலேயே, ஆசியக் கூட்டமைப்பின் ஒப்புதலுடன், 2019–20 பருவம் முதல் இந்தியன் சுப்பர் லீக்கே நாட்டின் முதல்நிலை லீக் எனத் தீர்மானிக்கப்பட்டது. ஐ-லீக் ஒரு படி கீழே இறக்கப்பட்டது. சென்னை சிட்டி மலையுச்சியை அடைந்தது. அடைந்த மாத்திரத்தில் அது உச்சியல்ல, நடுவழி மேடை என்று அறிவிக்கப்பட்டது. உயர்நிலை லீக் என்ற தகுதியோடு ஐ-லீக்கை வென்ற கடைசிக் கழகம் என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

சுவிட்சர்லாந்தின் புகழ்பெற்ற பாசெல் கழகம் 2019 இல் சென்னை சிட்டியின் 26 வீதப் பங்குகளை வாங்கியபோது நம்பிக்கை துளிர்த்தது. 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் ரிபா கழகத்திடம் 1–0 எனத் தோற்று வெளியேறியது. தொடர்ந்து ஆடவிருந்த ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணம் கொவிட் பெருந்தொற்றால் கைவிடப்பட்டது. இதனிடையே வீரர்கள் கலைந்தனர். மன்சி ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குச் சென்றார். அஜித்குமார் பெங்களூருவுக்கும், ரொமாரியோ கோவாவுக்கும், எட்வின் சென்னையின் எப்.சி.க்கும் சென்றனர். தனித்தனியாக அவர்கள் ஏறினர். அவர்களை ஏற்றிவிட்ட கழகம் ஏறவில்லை. 2020–21 பருவத்துக்குப் பின்னர் சென்னை சிட்டி என்ற பெயர் ஐ-லீக்கில் இல்லை.

அந்தக் கடைசி நாளில் ஆடிய நான்கு கழகங்களின் பின்கதையைப் பாருங்கள். இரண்டாமிடம் பெற்ற ஈஸ்ட் பெங்கால், முதலீட்டாளர் கிடைத்ததும் 2020 இல் சுப்பர் லீக்குக்குள் சென்றது. கோகுலம் கேரளா 2020–21, 2021–22 ஆகிய இரு பருவங்களிலும் ஐ-லீக்கை வென்றும் மேலே செல்ல வழியின்றி நின்றது. 2022–23 இல்தான் ஐ-லீக் சாம்பியனுக்குச் சுப்பர் லீக்கில் இடம் தரும் விதி நடைமுறைக்கு வந்தது. அதன்படி முதலில் ஏறிய கழகம் ரவுண்ட்கிளாஸ் பஞ்சாப், அதாவது கைமாறிப் பெயர் மாறிய அதே மினர்வா. கோயம்புத்தூரில் தோற்றவர் மேலே சென்றார். வென்றவர் இல்லாமலே போனார். கழற்றப்பட்ட படி மீண்டும் பொருத்தப்பட்டபோது, அதில் கால் வைக்க வேண்டியவர் உயிரோடு இல்லை.

சென்னை சிட்டியின் வீழ்ச்சிக்கு லீக் மாற்றம் ஒன்றே காரணம் என நான் வாதிடவில்லை. கழக நிர்வாகம், பெருந்தொற்று, பணம் எல்லாம் அதில் உண்டு. ஆனால் வெற்றிக்குப் பலன் இல்லாத அமைப்பில் முதலீடு தங்காது. முதலீடு தங்காத இடத்தில் கழகம் தங்காது. இது விளையாட்டின் விதியல்ல, சந்தையின் விதி.

எமது தீவின் ஒரே பருவம்

இந்தியாவில் உச்சிப்படி கழற்றப்பட்டது என்றால், இலங்கையில் எமக்கு அடிப்படியே பொருத்தப்படவில்லை. அதற்குச் சான்று 2021 ஆம் ஆண்டின் சுப்பர் லீக்.

1995 இல் கொழும்பில் நடைபெற்ற தெற்காசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை 1–0 என வென்ற நாடு இது. அதன் பின்னர் இலங்கை உதைபந்தாட்டம் ஏறுமுகம் கண்டதில்லை. அந்தச் சரிவை நிறுத்துவதற்கென, அரைத் தொழில்சார் லீக்காக, 2021 ஏப்ரலில் சுப்பர் லீக் ஆரம்பிக்கப்பட்டது. பெருந்தொற்றின் நடுவே இடைநின்று தொடர்ந்த அப்பருவத்தில் களுத்துறை புளூ ஸ்டார் சாம்பியனானது.

பங்கேற்ற பத்துக் கழகங்களின் பெயர்களை நிதானமாக வாசியுங்கள். கொழும்பு எப்.சி., ரினோன், இரட்ணம், களுத்துறை புளூ ஸ்டார், பேருவளை ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவ நியூ யங்ஸ், நாவலப்பிட்டி அப்கன்ட்ரி லயன்ஸ். இவற்றோடு முப்படைகளின் டிபென்டர்ஸ், புளூ ஈகிள்ஸ், சீ ஹோக்ஸ். யாழ்ப்பாணம் இல்லை. மன்னார் இல்லை. திருகோணமலை, மட்டக்களப்பு, கல்முனை இல்லை. உதைபந்தாட்டத்தை உயிராக நேசிக்கும் இரு மாகாணங்களிலிருந்து ஒரு கழகமேனும் இல்லை. தமிழ் பேசும் வீரர்கள் அந்த லீக்கில் இருந்தனர்; தமிழ் பேசும் மக்களின் வடக்கு, கிழக்கு ஊர்கள்தான் அதில் இல்லை.

இதனை இன ஓரவஞ்சனை என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. உண்மை அதைவிடச் சிக்கலானது. உரிமம் பெற்ற பயிற்றுவிப்பாளர், கணக்காய்வு செய்யப்பட்ட வரவு செலவு, வயதுப் பிரிவு அணிகள், தரமான மைதானம் என்பன இன்று ஆசியா எங்கும் கழக உரிமத்துக்கான நிபந்தனைகள். முப்பது ஆண்டுப் போரைக் கடந்து வந்த ஊர்களிடமும், 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் 10,000 க்கும் மேற்பட்ட உயிர்களை இழந்த எமது கரையோரத்திடமும், கொழும்பிடம் கேட்கும் அதே நிபந்தனைகளைக் கேட்டால் விடை என்னவாக இருக்கும்? சமமற்றவர்களைச் சமமாக நடத்துவதும் அநீதியே.

அந்த லீக்கின் விதியும் நீடிக்கவில்லை. சாம்பியனான புளூ ஸ்டார் 2022 ஏப்ரல் 5 ஆம் திகதி நேபாளத்தின் மச்சிந்திரா கழகத்தை 2–1 என வென்று ஆசியக் கூட்டமைப்புக் கிண்ணத் தகுதிச் சுற்றில் முன்னேறியது. ஏப்ரல் 12 ஆம் திகதி கொல்கத்தாவில் ஏ.டி.கே. மோகன் பகானிடம் 5–0 எனத் தோற்றது. அதே நாளில்தான் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. எரிபொருளுக்கு வரிசையில் நின்ற நாட்டில் லீக்கைப் பற்றி யார் கேட்பார்? அவ்வாண்டு சுப்பர் லீக்கின் இரண்டாம் பருவம் நடைபெறவில்லை. 2023 ஜனவரி 21 ஆம் திகதி பீபா இலங்கைச் சம்மேளனத்தை இடைநிறுத்தியது. அவ்வாண்டு ஓகஸ்ட் இறுதியிலேயே தடை நீங்கியது.

இடைப்பட்ட காலத்தில் வீரர்கள் என்ன செய்தார்கள்? வாய்ப்புள்ளவர்கள் மாலைதீவுக்குச் சென்றனர். மன்னாரில் பிறந்து தேசிய அணியின் பின்கள வீரராக உயர்ந்த டக்சன் பியூஸ்லஸ் அவ்வாறு சென்றவர்களில் ஒருவர். 2022 இல் அங்கேயே உயிரிழந்த நிலையில் காணப்பட்டார். ஒரு திறமைசாலி தன் மாகாணத்துக் கழகத்தின் சீருடையுடன் நாட்டின் உயர்நிலை லீக்கில் ஆட முடியாமற் போனதன் துயரத்தை எந்தப் புள்ளிப் பட்டியலும் காட்டாது.

எமக்கு வேண்டியது எது?

எமது ஊர்களில் சுற்றுப்போட்டிகளுக்குக் குறைவில்லை. பெருநாளுக்கு ஒரு கிண்ணம், கழக ஆண்டு விழாவுக்கு ஒரு கிண்ணம், அரசியல்வாதியின் பெயரில் ஒரு கிண்ணம். இரண்டு வாரங்களில் பந்தல் பிரிக்கப்படும். வெற்றிக் கிண்ணம் கண்ணாடி அலுமாரிக்குள் செல்லும். அடுத்த ஆண்டு மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்கும். அதில் வென்றவர் எங்கும் ஏறுவதில்லை. தோற்றவர் எங்கும் இறங்குவதுமில்லை.

லீக் என்பது வேறு. அது ஆண்டுதோறும், வாரந்தோறும், வென்றால் மேலே, தோற்றால் கீழே என்ற உறுதியோடு நடைபெற வேண்டும். ஊர்க் கழகத்திலிருந்து மாவட்டத்துக்கும், மாவட்டத்திலிருந்து மாகாணத்துக்கும், மாகாணத்திலிருந்து தேசிய லீக்குக்கும் அறுபடாத படிகள் இருக்க வேண்டும். நாளை மீண்டும் ஒரு சுப்பர் லீக் அமைக்கப்படுமானால், வடக்குக்கும் கிழக்குக்கும் இரண்டு கழகங்களைச் சலுகையாகத் தாருங்கள் என நாம் கேட்க வேண்டியதில்லை. மாகாண லீக்கின் சாம்பியனுக்கு மேலே செல்லும் உரிமை விதியாக எழுதப்பட வேண்டும். உரிமத் தகுதிகளை எட்டுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் அவகாசமும் உதவியும் தரப்பட வேண்டும் என்றே கேட்க வேண்டும். கொடை பறிக்கப்படலாம், விதியைப் பறிப்பது கடினம். சென்னை சிட்டி வென்றபோது அத்தகைய விதி இருக்கவில்லை. இருந்திருந்தால், இரண்டாமிடத்தவரும் தோற்றவரும் சென்ற இடத்துக்கு முதலில் சென்றிருப்பது அதுவே.

எமது கழகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. சென்னை சிட்டி மறைந்தாலும் அதன் ஒவ்வொரு கோலும், அடித்தவர் பெயரும், நிமிடமும் பதிவில் இருப்பதால்தான் இக்கட்டுரையை எழுத முடிந்தது. கல்முனை சந்தாங்கேணியிலும் பாலமுனைக் கடற்கரையிலும் அரை நூற்றாண்டாக ஆடியவர்களின் பெயர்கள் எங்கே எழுதப்பட்டுள்ளன? ஒவ்வொரு கழகமும் ஒரு பதிவேட்டைத் திறக்கட்டும். போட்டித் திகதி, அணிகள், கோல் அடித்தவர், நடுவர், வரவு, செலவு. நாளை உரிமம் கேட்டு மேலிடத்தில் நிற்கும்போது முதலில் கேட்கப்படுவதும் அதுவே.